தண்ணிக்குப் பொறுப்பு

இத்தாலியிலை, பலெர்மோ நகரத்துக் கபோச் சந்தைக்குப் பின்னாலை நிக்கிற அந்த நாலுமாடிக் கட்டிடத்து வாசல்லை முதல் ஒட்டின அறிவித்தலிலை ஒன்பது பேற்றை பேர் இருந்தது. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போஷகர், நிருவாக உறுப்பினர் மூண்டுபேர். ஒரு தண்ணித் தாங்கியின்ரை வால்வைத் திறந்து பூட்டுற வேலைக்குத்தான் பாருங்கோ இத்தினை பேர்! ஒரு சதமும் சேர்க்காத சபைக்குப் பொருளாளர் என்னத்துக்கெண்டு மகள் ஜெனனி கேட்க, "மூண்டாம் மாடி அகஸ்ரினுக்கு ஒரு பதவியும் குடுக்காட்டில் மனம் நோவான் பிள்ளை" எண்டார் பேரின்பநாயகம். அவர் ஊர் ஒன்றியத்திலை எட்டு வரியமாய் உபதலைவர். அறிவித்தல் எழுதுறதிலை அவரை அடிக்க பலெர்மோவிலை ஆளில்லை. நாலு கலரிலை, மேலை பிள்ளையார் படமும் வைச்சு, இத்தாலியனிலையும் தமிழிலையும் அடிச்சிருந்தார்.

விசயம் இதுதான். மழை பொய்ச்ச வரியம். மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி விடுவாங்கள், விடிய அஞ்சு மணியிலையிருந்து எட்டு வரைக்கும். அந்த நேரம் முற்றத்துக்குக் கீழை கிடக்கிற பொதுத் தாங்கியின்ரை வால்வைத் திறக்கவேணும். நிரம்பின கையோடை பூட்டவேணும். தன்பாட்டிலை பூட்டுற மிதவை பழுதாகிக் கனகாலம். பூட்ட மறந்தால் தண்ணி பொங்கிக் கீழ்வீட்டுக் கொன்செத்தா மனிசியின்ரை குசினிக்குள்ளை போகும். திறக்க மறந்தால் எட்டு வீட்டுக்கும் மூண்டு நாளைக்குச் சொட்டுத் தண்ணி இல்லை. எட்டு வீட்டிலையும் வால்வுக்கு எட்டுத் திறப்பு இருந்தது. திறக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை.

ஒன்பது பேர் வந்தபிறகாவது ஒழுங்காய் நடக்குமெண்டு, நாலாம் மாடியிலை இருக்கிற பேரின்பநாயகத்தின்ரை மனிசி ரதி நம்பினா. எங்கை? அடுத்த தண்ணி நாளே செயலாளர் திறப்பார் எண்டு உபதலைவர் நித்திரை. உபசெயலாளரைக் கூப்பிடாமல் தான் எப்பிடிப் போறதெண்டு செயலாளர் நித்திரை. பொருளாளர் அகஸ்ரினுக்கு அது தன்ரை பகுதி இல்லையாம். எட்டரை மணிக்கு ரதி அரிசியைப் பானையிலை போட்டுப்போட்டுக் குழாயைத் திருகினா. உள்ளை காத்துத்தான் உறுமிச்சுது. ஆடி மாத வெக்கை, சகாராவிலையிருந்து வாற சிரோக்கோக் காத்து வேறை. செதில் கழட்டின சாளை மீன் ஒரு கிலோ பேசினுக்கை கிடந்து நாறத் தொடங்கிச்சுது. ரதிக்கு அழுகையும் கோவமும் ஒண்டாய் வந்தது.

அண்டைக்குப் பின்னேரமே ரெண்டாம் மாடி ஓய்வு பெற்ற கணக்காளர் முற்றத்திலை நிண்டு கத்தினார். அவரை எல்லாரும் தொழிற்பேராலை றஜோனியேரே எண்டுதான் கூப்பிடுறது. தன்னைக் கேக்காமல் தன்ரை பேரைத் தலைவரெண்டு போட்டது அவருக்கு அவமானமாய்ப் போச்சு.

"மேல்வீட்டுத் தமிழர் அரிசியைக் கழுவிக் கழுவி ஊத்தினால் தாங்கி எப்பிடிக் காணும்? வெள்ளிக்கிழமை கூட்டத்திலை நாலாம் மாடிக் குழாயை வெட்டுறதெண்டு முடிவெடுப்பம்!"

அதோடை நிக்கேல்லை. ரதி ஆக்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின்ரை சொந்தக்காரனுக்கு, பகேரியா எண்ட பக்கத்து ஊருக்கு, போன் அடிச்சும் சொல்லிப்போட்டார். வீட்டுக்காரன் ரதிக்கு அடிச்சான். "கட்டிடத்திலை சண்டையெண்டால் செப்டெம்பரிலை கொன்ராத்தோ புதுப்பிக்க மாட்டன், சிஞ்ஞோரா. எனக்குக் கரைச்சல் வேண்டாம்."

கொன்ராத்தோ எண்டால் வாடகை ஒப்பந்தம், அது இல்லாட்டில் விலாசம் இல்லை. விலாசம் இல்லாமல் பெர்மேசோவை, இந்த நாட்டு வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் குடுக்கேலாது. மூண்டு பேற்றையும் நவம்பரிலை முடியுது. ஜெனனிக்குக் கடைசி வரியப் படிப்பு. தமிழருக்கு வீடு குடுக்கிறவனைத் தேடி ரதி இந்த ஊரிலை ஒருக்கா ஏழு மாதம் அலைஞ்சவ. திரும்பவும் அலைய அவவிட்டைத் தெம்பில்லை.

அடுத்தநாள் வேலைக்குப் போனபோதும் அவவின்ரை முகம் வெளிக்கேல்லை. வேலை வியா லிங்கன் தெருவிலை, சீனப் பொம்பிளை ஒருத்தியின்ரை மொத்தக்கடையிலை. சொந்தப் பேர் சென் மேய்ஃபாங். இத்தாலியருக்கு வாயிலை வராதெண்டு மோனிக்கா எண்டு வைச்சிருந்தா. ரதியின்ரை வேலை பெட்டி உடைக்கிறது. பிளேட்டாலை ஒட்டைக் கிழிச்சு, செருப்புகளை அளவுவாரியாய்ப் பிரிச்சு, சோடிசோடியாய் நூல் கோத்துத் தூக்கவேணும். புதுப் பிளாஸ்ரிக் மணம் மூக்குக்குள்ளை ஏறி மத்தியானச் சோத்திலையும் மணக்கும். இண்டைக்கு ரதி முப்பத்தெட்டையும் நாப்பதையும் சோடி சேர்த்துக் கோத்துக்கொண்டு இருந்தா.

"என்ன, கால் ரெண்டும் வேறை வேறை ஆளுக்கோ?" எண்டு மோனிக்கா வந்து குந்தினா. ரெண்டு பேரும் கதைக்கிறது உடைஞ்ச இத்தாலியன். எங்கடை பாசையிலை எழுதினால் இப்பிடித்தான் வரும்.

ரதி எல்லாத்தையும் சொன்னா. ஒன்பது பேர் கதையைக் கேட்டு மோனிக்கா நூலைக் கீழை போட்டுட்டுச் சிரிச்சா.

"ஒன்பது பேரோ? எங்கடை ஊரிலை ஒரு ஆத்துக்கே ஒரு ஆள்."

"ஆத்துக்கு ஆளோ?"

"ஓம். என்ரை ஊர் வென்ஜோவுக்குப் பக்கத்திலை. தோல் பதனிடுற ஊர். நான் பிள்ளையாய் இருக்கேக்கை ஆறு கறுப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போறது. பிறகு அரசாங்கம் ஒரு முறை கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆத்துக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைவர். மேலை மாகாணத்திலை ஒருத்தர், கீழை கிராமம் வரைக்கும் ஆக்கள். ஆனால் உன்ரை வாசல்லை ஓடுற துண்டுக்கு ஒரே ஒரு ஆள். ஆத்தங்கரையிலை போர்ட் நட்டிருக்கும். அதிலை அவற்றை பேர், பதவி, போன் நம்பர். எங்கடை துண்டுக்கு என்ரை மூத்த தமையன்."

"சனம் வாக்குப் போட்டே தெரிஞ்சது?"

"இல்லை. மேலையிருந்து பேர் வரும். தமையன் கேக்கவும் இல்லை, மாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது."

"எங்கடை ஆக்கள் வாக்குப் போட்டுத்தான் தெரிவினம்" எண்டா ரதி. "பிறகு போன் அடிச்சால் எடுக்காயினம்."

"என்ரை தமையன் எடுப்பார். சாப்பாட்டு மேசையிலையும் எடுப்பார். சனம் நாத்தத் தண்ணியைப் படம் பிடிச்சு அனுப்பும். கிழமைக்குக் கிழமை கரையாலை நடந்து பாக்கவேணும். தண்ணி கெட்டால், மேலதிகாரியள் இருக்கிற கூட்டத்திலை எழும்பி நிண்டு தன்ரை பிழையைத் தானே வாசிக்கவேணும். என்ரை அண்ணிக்கு அந்தப் போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு இடிக்கும்."

"ஆறு வெளிச்சுதோ?"

"வெளிச்சுது. இப்ப மீன் நிக்குது." மோனிக்கா நூலை எடுத்துக் கோத்தா. பிறகு தானாய்ச் சொன்னா: "ஒரு தொழிற்சாலை மட்டும் களவாய்ச் சாயத் தண்ணி விட்டுக்கொண்டே இருந்தது. தமையனுக்கு ஆரெண்டு தெரியும். அது மேலை இருக்கிற ஒரு பெரிய ஆளின்ரை சொந்தக்காரற்றை. கூட்டத்திலை எழும்பித் தன்ரை பிழையை வாசிச்சார், அந்தப் பேரை மட்டும் வாசிக்கேல்லை. இப்ப ஓய்வெடுத்து மகனோடை பட்டினத்திலை இருக்கிறார். ஊருக்கு வாங்கோ எண்டால் வரமாட்டார். ஆத்தங்கரைச் சனத்தின்ரை முகத்திலை முழிக்கேலாதாம்."

ரதிக்கு அந்தத் தமையனிலை இரக்கமாயும் இருந்தது, கோவமாயும் இருந்தது. பின்னேரம் வெளிக்கிடேக்கை செருப்புப் பெட்டி மட்டை ஒண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனா.

வீட்டிலை அதை விரிச்சு வைச்சு, ஜெனனியைக் கொண்டு இத்தாலியனிலை எழுதுவிச்சா. தண்ணிக்குப் பொறுப்பு: ரதி, நாலாம் மாடி. கீழை போன் நம்பர். பெர்மேசோவுக்கு எடுத்து மிஞ்சின படம் ஒண்டையும் ஒட்டினா. பேரின்பநாயகம் வேலையாலை வந்தவர். பொலிதேயாமாப் பக்கத்திலை ஒரு வயதுபோன துரைக்குச் சமையலும் துப்பரவும் செய்யிறவர். சப்பாத்தும் கழட்டேல்லை, மட்டையைக் கண்டு வெருண்டு போனார்.

"என்னப்பா இது, செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரி உன்ரை படத்தை ஒட்டி வைச்சிருக்கிறாய்?"

"செத்தவைக்குப் போன் நம்பர் போடுறேல்லை."

"அப்பிடியெண்டால் என்ரை சபை?"

"உங்கடை சபையாலை நான் மீனைக் குப்பையிலை கொட்டினனான். ஒருத்தர்தான் வேணும். அது நான்."

"மம்மா, இதையெல்லாம் அந்த றஜோனியேரேக்கு முன்னாலை சொல்லவேணும். நீ அழாமல் கதைப்பியோ?" எண்டா ஜெனனி.

"அழுதாலும் கதைப்பன்" எண்டா ரதி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு முற்றத்திலை கதிரை போட்டுக் கூட்டம். வாடகை ஆக்களுக்குக் கை உயர்த்த உரிமை இல்லை. ரதி மட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஒரு கரையிலை நிண்டா. அகஸ்ரினின்ரை மனிசி றோசமலர் ஒரு மன்னார்ப் பிள்ளை. அவள் துணைக்குப் பக்கத்திலை நிண்டாள். குழாய் வெட்டுற கதை வந்தவுடனை ரதி முன்னுக்குப் போனா. வினைச்சொல் எல்லாம் பிழைச்சுது. ஆனால் சொல்லவேண்டியதைச் சொன்னா.

"எட்டுத் திறப்பையும் என்னட்டைத் தாங்கோ. ஒரு மாதம். வால்வை நான் திறப்பன், நான் பூட்டுவன். பிழையெண்டால் இந்த நம்பருக்கு அடியுங்கோ, எடுப்பன். தண்ணி தட்டுப்பட்டால் முதல் பூட்டுறது என்ரை குழாய்."

றஜோனியேரே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "ஒரு நாள் தட்டுப்பட்டாலும் நாலாம் மாடியை வெட்டுறதுதான். சம்மதமோ?"

றோசமலர் "ரதியக்கா, வேண்டாம்" எண்டு சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தாள். ரதி "சம்மதம்" எண்டா. முதல்லை கொன்செத்தா மனிசிதான் மார்ச்சட்டைக்குள்ளை கையை விட்டுத் திறப்பை எடுத்துக் குடுத்தா. தன்ரை குசினி நனையாட்டில் காணும் எண்டா. றஜோனியேரே கடைசியாய்க் குடுத்தார்.

அதுக்குப் பிறகு ரதியின்ரை பாடு கேக்கவேண்டாம். தண்ணி நாளெண்டால் நாலரைக்கே முழிப்பு. தலையைக் கொண்டையாய் முடிஞ்சுகொண்டு இறங்கினால், சந்தைக்காரர் அப்பதான் கூடாரச் சீலையை விரிச்சுக்கொண்டு கத்துவினம். முற்றத்திலை வாளியைக் கவுட்டு அதிலை குந்துவா. சும்மா இருக்கிற மனிசியில்லை. சந்தையிலை விக்கிற சுரைக்கொடித் தளிரை மடியிலை போட்டு வறைக்கு ஆய்ஞ்சுகொண்டே தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பா. சத்தம் தடிச்சால் அரைத் தாங்கி. மெலிஞ்சால் நிரம்பப் போகுது. தடியை விட்டு அளந்து, பூட்டி, மட்டையிலை திகதியும் எத்தினை முழமெண்டும் எழுதிப்போட்டுத்தான் மேலை ஏறுவா. கொன்செத்தா சன்னலாலை சின்னக் கோப்பையிலை கோப்பி நீட்டுவா, "கெதியாய்க் குடி, சந்தை மனிசர் பாத்தால் தாங்களும் கேப்பினம்" எண்டு பேசிக்கொண்டே.

போன் ஓயேல்லை. தண்ணி மஞ்சளாய் வருதாம். பம்பு இருமுதாம். முதலாம் மாடிப் பொம்பிளை குழந்தையைக் குளிப்பாட்டலாமோ எண்டும் ரதியைத்தான் கேட்டாள். றஜோனியேரே ஒவ்வொரு நாளும் விடிய ஆறுக்கு அடிப்பார். "அலோ?" எண்டு ரதி எடுத்தவுடனை "சரி" எண்டு வைச்சிடுவார். எடுக்கிறாவோ எண்டு சோதினை! ஒரு நாள் கடையிலை பெட்டி தூக்கி நிக்கேக்கை அடிச்சுது, பெட்டியை மோனிக்காவின்ரை காலிலை போட்டுட்டு ஓடிப்போய் எடுத்தா. மோனிக்கா காலைத் தடவிக்கொண்டு, "என்ரை அண்ணி சொன்னது உண்மைதான்" எண்டா.

பேரின்பநாயகம்தான் உர்ரெண்டு திரிஞ்சார். "ஒன்றியத்திலை சிரிக்கிறாங்களப்பா. உபதலைவற்றை மனிசி பைப் திறக்கிறாவாம்."

"சிரிக்கிறவையின்ரை வீட்டிலை தண்ணி வருதோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

மாதம் முடிய நாலு நாள் கிடந்தது. புதன்கிழமை விடியத் தாங்கி விளிம்பு முட்ட நிரம்பியிருந்தது. ரதி நிம்மதியாய் வேலைக்குப் போனா. இரவு எட்டுக்குத் திரும்பி வரேக்கை முற்றம் முழுக்க ஈரம். வாசல்லை ரெண்டு பெரிய கிடாரம் கவுண்டு கிடந்தது. அதுக்குப் பக்கத்திலை பேரின்பநாயகம் தலையிலை கைவைச்சுக்கொண்டு குந்தியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றியத்து ஒன்றுகூடல். சமையல் கிடாரத்தை ஊறப்போட்டுக் கழுவவெண்டு அவரும் இன்னும் ரெண்டு நிருவாக உறுப்பினரும் முற்றத்துக் குழாயிலை றபர்ப் பைப்பைச் செருகி உள்ளை விட்டிட்டு, ஒரு பிளேன்ரீ குடிக்கப் போயிருக்கினம். அங்கை மங்கள விளக்கை முதல் ஏத்துறது போஷகரோ தலைவரோ எண்டு கதை வந்திட்டுது. அந்தக் கதை லேசிலை முடியிற கதையே? ஒண்டரை மணித்தியாலம். திரும்பி வந்து பாத்தால் தண்ணி கிடாரத்தாலை வழிஞ்சு கானுக்குள்ளை போய்க்கொண்டிருக்குதாம்.

ரதி தடியை விட்டா. ஒரு முழத்துக்குக் குறைவு. அடுத்த தண்ணி சனி விடிய. எட்டு வீட்டுக்கு இது நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காணாது.

"ஒருத்தரும் காணேல்லை" எண்டார் பேரின்பநாயகம் மெல்லமாய். "கொன்செத்தா தங்கச்சி வீட்டை போயிட்டா. சிரோக்கோ அடிக்குது, தண்ணி குறைவாய் விட்டவங்கள் எண்டு சொல்லுவம். சனம் நம்பும்."

"நம்பும். நான் சொன்னால் இப்ப எல்லாரும் நம்புவினம்."

"அப்ப சொல்லன்! வீடு போனால் என்ன செய்யிறது? பிள்ளையின்ரை படிப்பு என்ன? பெர்மேசோ என்ன? நான் செய்தது பிழைதான், அதுக்காக எங்களைத் தெருவிலை விடப்போறியோ?"

"எனக்குப் பயமில்லையெண்டு நினைக்கிறியளே?" ரதி தடியைச் சுவரோடை சாத்தி வைச்சா. "வீட்டை விட்டால் எங்கை போறதெண்டு எனக்கும் தெரியாது. ஆனால் மோனிக்காவின்ரை ஊரிலை ஒரு மனிசன் எல்லாருக்கும் போன் எடுத்தவர், சொல்லவேண்டிய ஒரு பேரை மட்டும் சொல்லேல்லை. இண்டைக்குத் தன்ரை ஊருக்குள்ளை போகேலாமல் கிடக்கிறார். நான் கொன்செத்தாவின்ரை சன்னலைத் தாண்டிப் போகவேணும், நாளாந்தம்."

மட்டையை எடுத்து, ஜெனனியையும் கூப்பிடாமல், தன்ரை உடைஞ்ச இத்தாலியனிலை தானே எழுதினா. தண்ணி ஒழுங்காய்த்தான் வந்தது. வீணாக்கினது நாலாம் மாடி. என்ரை மனிசன் கிடாரம் கழுவக் குழாயைத் திறந்துவிட்டிட்டுப் போனவர். ஒரு முழத்துக்குக் குறைவாய்த்தான் கிடக்கு, பாத்துப் பாவியுங்கோ. சனி விடியும் வரைக்கும் எங்கடை குழாய் பூட்டு. வாசல்லை தொங்கவிட்டா. மொட்டைமாடிக்கு ஏறி, பம்பு ஏத்துற தண்ணி தன்ரை வீட்டுக்குப் பிரியிற வால்வை இறுக்கிப் பூட்டினா.

வியாழனும் வெள்ளியும் பேரின்பநாயகம் சந்தை முகப்புப் பொதுக் குழாயிலையிருந்து ரெண்டு கையிலும் வாளியோடை நாலு மாடி ஏறினார். றோசமலர் தன்ரை பங்கிலை ஒரு பானை தரவந்தாள், ரதி வாங்கேல்லை. றஜோனியேரே வியாழன் விடிய ஆறுக்கு அடிக்கேல்லை. வெள்ளியும் அடிக்கேல்லை. முடிஞ்சுது கதை எண்டு ரதி நினைச்சா. எந்தச் சாமானை முதல் கட்டுறதெண்டு மனம் தன்பாட்டிலை கணக்குப் போட்டுது.

வெள்ளி மத்தியானம் சாப்பிட வீட்டை வந்திருக்கேக்கை போன் அடிச்சுது. றஜோனியேரே.

"பொறுப்பான ஆளோ கதைக்கிறது?"

"ஓம், நான்தான்."

"ஒரு முறைப்பாடு. நாலாம் மாடியிலை ரெண்டு நாளாய்த் தண்ணி இல்லை. உன்ரை மனிசன் வாளியோடை ஏறி இறங்கிற சத்தத்திலை எனக்கு மத்தியான நித்திரை இல்லை. நான் இறங்கி உன்ரை தடியாலை அளந்து பாத்தன். எல்லாரும் பாத்துத்தான் பாவிச்சிருக்கினம், இன்னும் ஒரு சாண் கிடக்கு. வந்து உன்ரை வால்வைத் திற."

"நாளைக்கு விடிய, றஜோனியேரே. தண்ணி வரேக்கை."

"பொறு, முடிக்கேல்லை. உன்ரை வீட்டுக்காரனுக்கும் அடிச்சனான்."

ரதி கட்டில் விளிம்பிலை இருந்திட்டா.

"இருவத்தாறு வரியம் இந்தக் கட்டிடத்திலை இருக்கிறன்" எண்டார் அவர். "எத்தினை தரம் தாங்கி வத்தினது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், நான்தான் செய்தனான் எண்டு எழுதி ஒட்டினதை நான் காணேல்லை. நானும் எழுதேல்லை. அவனுக்குச் சொன்னன்: அந்தப் பொம்பிளையை வீட்டாலை எழுப்புறதெண்டால், விடிய அஞ்சு மணிக்குப் பகேரியாவிலையிருந்து நீ வந்து வால்வைத் திறக்கவேணும். செப்டெம்பர் முதலாம் திகதி கொன்ராத்தோவோடை வாறானாம். நாலு வரியத்துக்கு."

ரதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. போனுக்கை அவர் ரெண்டு தரம் "அலோ? அலோ?" எண்டார்.

"இருக்கிறன்" எண்டா ரதி.

"அப்ப போய்த் திற."

"சனி விடிய எண்டு எழுதினனான்."

"கழுதைப் பிடிவாதம்!" எண்டிட்டு அவர் போனை வைச்சார்.

பேரின்பநாயகம் வாளியளோடை வாசல்லை நிண்டார். நெஞ்சு ஏறி இறங்கிச்சுது. ரதி கண்ணைத் துடைச்சுக்கொண்டு எல்லாத்தையும் சொன்னா. அவர் வாளியளைக் கீழை வைச்சிட்டுச் சுவரோடை சாய்ஞ்சார்.

"குழாயைத் திறக்கலாமெண்டு அவரே சொல்லிப்போட்டாரே" எண்டார் பிறகு.

"சொன்னவர்."

"திறக்க மாட்டாய்?"

"மாட்டன்."

பேரின்பநாயகம் கொண்டுவந்த தண்ணியைப் பானைக்குள்ளை ஊத்தினார். "இன்னும் எத்தினை வாளி வேணும்?" எண்டு கேட்டார்.

"மீனும் கழுவுறதெண்டால் நாலு" எண்டா ரதி. அவர் வெறும் வாளியளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.